மூன்றாம் நாள் ரத்தம்

ஐப்பசி. திருவாரூர்.
பெரிய ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
ஏசி ஓடும் சின்ன அறை எங்களுடையது.
எங்களுக்காக ஓடவில்லை,
பெட்டியில் வந்திருக்கும் புரதங்களுக்காக.

தொண்ணூற்றாறு குழிகள்.
சுண்டுவிரல் நுனி நுழையாத பள்ளங்கள்.
முதல் நான்கு கண்ட்ரோல்.
மிச்சத்தில் கொரடாச்சேரி, வலங்கைமான், குடவாசல்,
முத்துப்பேட்டையில் ஒரே வீட்டு மூன்று பேர்.

சீட்டில் ‘காச்சல்’ என்று எழுதுகிறார்கள்,
எத்தனாவது நாள் என்பதை விட்டுவிடுகிறார்கள்.
எனக்கு நாள்தான் வேண்டும்.
கொசு கடித்த நாள் யாருக்கும் தெரியாது,
உடம்பு சுட்ட நாளைச் சொல்லலாம் இல்லையா.

தையல்நாயகி, 31, பூந்தோட்டம் பக்கம்.
இவள் சீட்டில் நாள் இருந்தது: மூன்று.
மூன்றாம் நாளுக்கு என்எஸ்1 பார்க்க வேண்டும்,
அந்தப் பெட்டி தீர்ந்து ஒன்பது நாள்.
இருந்த எலிசாவில் போட்டேன்.
குழி நிறமில்லாமல் கிடந்தது.
நெகட்டிவ் என்று அச்சடித்தது இயந்திரம்.
அது பொய் சொல்லவில்லை.
அவள் ரத்தம் இன்னும் ஆள் திரட்டி முடிக்கவில்லை,
அவ்வளவுதான்.

சீட்டிலிருந்த எண்ணை அழைத்தேன்.
‘அது தாளடி நடவுக்குப் போயிருக்கு மேடம்.
இது டிராக்டர்காரன் நம்பர்.
இல்லேன்னு வந்திருச்சாமே?’
‘இல்லேன்னு வரலை.
இன்னும் தெரியலைன்னு வந்திருக்கு.’
பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
‘ரெண்டும் ஒண்ணுதானே?’

பதினோரு வருஷமாக
இதற்கு ஒற்றை வரியில் பதில் தேடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அழைத்து வாருங்கள் என்றேன்.
காய்ச்சல் விட்டாலும் வர வேண்டும்,
விட்டால் கட்டாயம் வர வேண்டும்.
வயிறு வலித்தாலோ ஈறில் ரத்தம் கண்டாலோ
வெள்ளி வரை காத்திருக்கக் கூடாது.
அவர் எதையோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.
எஞ்சினை அணைத்திருந்தார்.

போன வருஷம் புதுப் பெட்டி ஒன்றைப் பழக
என் ரத்தத்தையே ஊற்றிப் பார்த்தேன்.
பழைய காய்ச்சலைத் தேடும் பெட்டி அது.
அடர் மஞ்சள்.
பிளஸ் டூ அரையாண்டின்போது எட்டு நாள் படுத்திருந்தேன்,
மழைக்காச்சல் என்றாள் அம்மா.
கணக்குப் பரீட்சை போனது மட்டும்தான் ஞாபகம்.
மிச்சத்தை ரத்தம் எழுதி வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தாள்,
கணுக்காலில் காய்ந்த சேற்றோடு.
மறுபடி ஊசி, மறுபடி குழி.
ஐந்து முறை கழுவி, தட்டிக் கவிழ்த்து,
கடைசித் திரவத்தை விட்டதும்
நீலம் வந்தது.
சந்தேகத்துக்கு இடம் தராத நீலம்.
பத்து நிமிஷம். அமிலம் விட்டால் மஞ்சள்.
1.84.

இருந்தும் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்.
டெங்குக் கொசு வீட்டு டிரம்மில் பிறக்கிறது,
மூளைக்காய்ச்சல் கொசு அவள் நடுகிற வயலில்.
இரண்டு வைரஸும் பங்காளிகள்:
ஒருவனுக்கு எழுதிய வாரண்ட்
சில சமயம் அடுத்தவன் கதவையும் தட்டும்.

‘இப்ப இருக்கா?’
இருக்கு என்றேன்.
‘அப்ப அன்னிக்கு?’
அன்னிக்கும் இருந்தது.
அவள் டிராக்டர்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.
‘நான் சொன்னேன்ல.’
வார்டில் கட்டில் இல்லை.
இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய் போட்டார்கள்,
பாய்க்கு மேலே வலை கட்ட ஆணி தேடினார்கள்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன்.
மழை விட்டிருந்தது.
ஜன்னலுக்குக் கீழே
எங்கள் ஏசி சொட்டி நிறைந்த வாளி.
குனிந்து பார்த்தேன்.
உள்ளே சின்னச் சின்னக் காற்புள்ளிகள்
துள்ளித் துள்ளி மேலே வந்தன.

காலால் எத்திக் கவிழ்த்தேன்.
சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த இருதயராஜ் கேட்டான்:
‘மேடம், சாம்பிள் எடுக்கலையா?’